நடிக்காத ஆள் ஒருவர் தேவை

எங்கள் ஊர் பொம்மராசபுரம். மேற்கே மலை, கிழக்கே தேனிக்குப் போகும் சாலை, நடுவில் நாங்கள் நால்வர். மலையாலும் சாலையாலும் ஊருக்கு ஏதோ பயன் இருக்கிறது. நாங்கள் குறும்படம் எடுக்கிறவர்கள்.

முதலில் எங்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். இயக்குநர் தவமணி அண்ணன். அப்பாவின் பெயிண்ட் கடையில் உட்கார வேண்டியவர், கலைக்காக உட்காராமல் இருக்கிறார். எடிட்டிங் மாயழகு. நால்வரில் அவன்தான் அறிவாளி. அதை அவனே எங்களிடம் சொல்லியிருக்கிறான். ஒலிப்பதிவு காசிமாயன். கேமரா அடியேன், வீரணன். கேமராவுக்கு முன்னால் ஒரு மூடி உண்டு, அதைக் கழற்றிவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும் என்பது வரை எனக்குத் தொழில் தெரியும்.

எங்கள் படத்தின் பெயர் ‘கிணற்றோரம் ஒருவன்’. ஒருவன் ஒரு கிணற்றோரம் நிற்கிறான். பேசுவதில்லை, நகர்வதில்லை. படம் முடிகிறது. இதற்கு மேல் கதையைச் சொன்னால் பார்க்கிறவர்களுக்குச் சுவாரசியம் போய்விடும்.

படம் முழுக்க மௌனம் என்பதால் ஒலிப்பதிவாளருக்கு வேலை இல்லாமல் போயிற்று. சும்மா நிற்கிறவன்தானே, கிணற்றோரம் நிற்கட்டும் என்று காசிமாயனையே கதாநாயகன் ஆக்கிவிட்டோம். அவனும் சம்மதித்தான். படப்பிடிப்பில் இரண்டு செருப்பையும் கிணற்றுக்குள் விட்டதைத் தவிர அவன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

படம் எடுப்பதற்கு முன்பு தேனியில் நடந்த ஒரு குறும்படப் பட்டறைக்குப் போயிருந்தோம். சென்னையிலிருந்து வந்த மாஸ்டர் ஒருவர் நாள் முழுக்கப் பேசினார். அதில் இரண்டு விஷயங்கள் எங்களுக்குப் புரிந்தன. மீதி எதுவும் புரியாததால் அந்த இரண்டையும் உயிராகப் பிடித்துக்கொண்டோம்.

“பார்வையாளர்கள் ஏதாவது சொன்னால் எதிர்த்து வாதாடாதீர்கள். அவர்கள் சொல்வதைப் படத்துக்குள் கொண்டுவாருங்கள்” என்பது ஒன்று. “படம் ஓடும்போது திரையைப் பார்க்காதீர்கள். பார்க்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். உங்கள் படம் அங்கேதான் ஓடுகிறது” என்பது இன்னொன்று. அந்த நல்ல மனிதர் இதைச் சொன்ன கையோடு பஸ் ஏறிப் போய்விட்டார். என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

ஊரில் தியேட்டர் கிடையாது. காலியாகக் கிடந்த பருத்திக் குடோனைக் கேட்டு வாங்கினோம். தகரக் கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. கல்யாண மண்டபத்திலிருந்து புரொஜெக்டர் கொண்டுவந்தோம். வைப்பதற்கு மேஜை இல்லை. மாயழகு உத்தரத்தில் கயிறு போட்டு அதைக் கட்டித் தொங்கவிட்டான்.

ஊர் திரண்டு வந்தது. படம் தொடங்கியதும் நானும் தவமணி அண்ணனும் மாயழகும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். காசிமாயன் மட்டும் கதாநாயகன் என்பதால் கூட்டத்தோடு உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படி ஒரு வரவேற்பை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. எல்லோரும் தலையைச் சாய்த்தார்கள். சிலர் இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் சாய்த்தார்கள். கொத்தனார் சீனிச்சாமி எழுந்து திரும்பி நின்று, குனிந்து, தன் கால்களுக்கு நடுவே திரையைப் பார்த்தார்.

“அண்ணே, ரொம்ப ஆழமாப் போறாய்ங்கண்ணே” என்று மாயழகு கிசுகிசுத்தான்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து கழுத்தைத் தடவிக்கொண்டே வெளியே போனார்கள். டீக்கடை பரமன் போகிற வழியில் அண்ணன் பக்கம் குனிந்து, “ஏம்ப்பா தவமணி, அந்தப் பய ஏன் தலைகீழா நிக்கிறான்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

“என்னடா சொல்லிட்டுப் போறாரு?” என்றார் அண்ணன்.

“வாழ்க்கையச் சொல்றாருண்ணே. இன்னைக்கு மனுசன் தலைகீழாத்தான நிக்கிறான்” என்றான் மாயழகு.

“டீ ஆத்துறவருக்குள்ள இம்புட்டு இருக்கா?”

“நம்ம படம் உள்ள இருந்ததக் கிளப்பி விட்டிருச்சுண்ணே.”

பரமனை நாங்கள் இத்தனை நாள் சாதாரண மனிதராக நினைத்ததற்கு மூவரும் வருத்தப்பட்டோம். படம் முடிகிற நேரத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று நான் திரும்பிப் பார்த்தேன். திரையில் காசிமாயன் வானத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தான். கிணறு அவன் தலைக்கு மேலே இருந்தது. புரொஜெக்டரை மாயழகு தலைகீழாகக் கட்டியிருந்தான்.

“டேய் காசி, நீ பாத்துக்கிட்டுத்தானடா இருந்த? சொல்லக் கூடாதா?” என்று அண்ணன் கத்தினார்.

“கெணத்துத் தண்ணியில தெரியுற என் நெழல எடுத்திருக்கீகன்னுல நெனச்சேன். வீரணன் நல்லாப் பிடிச்சிருக்கான்னு பெருமையா இருந்துச்சுண்ணே” என்றான் காசிமாயன்.

என் கேமராவைப் பற்றி இதுவரை யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை.

தவமணி அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி சுகந்தி மதினி தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“எத்தன பேரு கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்தாக?”

“ஒருத்தன் அசையாம இருந்தான்” என்றார் அண்ணன், நெஞ்சை நிமிர்த்தி.

“யாரு?”

“காசிமாயன்.”

மதினி மெஷினை நிறுத்தினார். “இங்க பாருங்க. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஊரே உங்க அப்பா கடைக்குத்தான் வரும். மாமா ஒத்தையில கெடந்து அல்லாடுறாக. அதுக்குள்ள படத்துல நடிக்காத ஆளு ஒண்ணு, ஒரே ஒரு ஆளு, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒக்காந்து பாக்கட்டும். நீங்க அடுத்த படம் எடுங்க, நான் தடுக்க மாட்டேன். இல்லேன்னா கேமராவப் பரண்ல போட்டுட்டுக் கடைக்குப் போகணும். சரியா?”

“சரி” என்றார் அண்ணன்.

வெளியே வந்ததும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “ஒரு ஆளுதானடா? ஊர்ல இத்தன பேரு இருக்காக, ஒருத்தருக்குமா பிடிக்காமப் போயிரும்?” என்று எங்களைக் கேட்டார். அவருக்குப் பெயிண்ட் கடை பிடிக்காது என்பதில்லை. கிணற்றோரம் நிற்கிற ஒருவனை யாராவது ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே ஆசைப்பட்டார்.

அடுத்த முறை புரொஜெக்டரை நேராகக் கட்டினோம். பரமன் வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “நேரா நின்னாலும் கால் வலிக்காதா அவனுக்கு? ஒரு ஸ்டூலாச்சும் போட்டுக் குடுத்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடனே நால்வரும் கூடி ஆலோசனை செய்தோம்.

“எதுத்துப் பேசக் கூடாது. உள்ள கொண்டாரணும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு” என்றார் அண்ணன்.

“ஸ்டூலையா?” என்றான் காசிமாயன்.

“கருத்தடா.”

“கருத்து பரமன் வாயிலல்ல இருக்கு? வாய வெளிய விட்டுட்டுக் கருத்த மட்டும் எப்படிண்ணே உள்ள கொண்டாரது?” என்றான் மாயழகு.

மறுநாள் பரமனையே கூட்டிப் போய், கையில் ஸ்டூலோடு கிணற்றோரம் நடக்க வைத்து, “கால் வலிக்காதா உனக்கு?” என்று சொல்ல வைத்து எடுத்துச் சேர்த்தோம். காசிமாயன் உட்கார்ந்தான். படத்துக்கு ஒரு திருப்பம் கிடைத்தது.

அடுத்து பூக்கார முத்துப்பேச்சி அக்கா பார்த்தார். “கைப்பிடிச்சுவரு இல்லாத கெணறு, அதுல ஸ்டூல்ல வேற ஒக்காந்திருக்கான். எனக்கு வயித்தக் கலக்குதுய்யா” என்று எழுந்து போனார். அக்காவை உள்ளே கொண்டுவந்தோம். பூக்கூடையோடு வந்து வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லிவிட்டுப் போகிற காட்சி.

அதைப் பார்த்த கொத்தனார் சீனிச்சாமி, “சொல்றதோட விட்டா எப்படி? ஒரு சுவரக் கட்டி விடுங்கப்பா” என்றார். அவரையும் உள்ளே கொண்டுவந்தோம். அவர் தொழில் சுத்தமானவர். கேமரா ஓடுகிறதே என்று அரைகுறையாக விடாமல், செங்கல் செங்கலாகக் கட்டி முடித்துப் பூசிவிட்டுத்தான் கையைக் கழுவினார். நான் அத்தனையையும் எடுத்தேன். மாயழகு அத்தனையையும் சேர்த்தான். பார்வையாளர் கருத்தில் கை வைக்க நாங்கள் யார்?

அப்புறம் சீனிச்சாமியே, “புதுச்சுவருக்குத் தண்ணி ஊத்தணும்ல, எவன் ஊத்துறது?” என்று கேட்டார். வடக்குத்தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு வந்தார்கள். வடக்குத்தெரு மட்டும்தானா என்று தெற்குத்தெரு சண்டைக்கு வந்தது. அவர்களையும் உள்ளே கொண்டுவந்தோம். மினிபஸ் கண்டக்டர் தமிழ்மாறன் பார்த்துவிட்டு, “படம் ரொம்ப மெதுவாப் போகுதுப்பா” என்றார். அவர் பஸ்ஸோடு வந்து, விசில் ஊதி, “போலாம் ரைட்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது படத்தில் எல்லாம் இருந்தது. சுவர் உயரமாக இருந்ததால் கிணறு தெரியவில்லை. குடங்களுக்கு நடுவே காசிமாயனும் தெரியவில்லை. ‘கிணற்றோரம் ஒருவன்’ என்ற பெயரை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தோம், அதைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லாததால்.

கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் தங்களைப் பார்க்க வந்தவர்கள். பரமன் ஸ்டூலைப் போட்டதும் எழுந்துவிடுவார். “நான் வர்ற பாகம் முடிஞ்சிருச்சு, கடையில பால் பொங்கிரும்” என்பார். முத்துப்பேச்சி அக்கா பூவைக் கட்டிக்கொண்டே காத்திருந்து, தன் காட்சி வந்ததும் நன்றாகப் பார்த்துவிட்டுப் போவார். கண்டக்டர் விசில் ஊதியதும் குடோனே காலியாகிவிடும். ரைட் என்றுதானே சொல்கிறார் என்று ஜனங்கள் புறப்பட்டுவிடுவார்கள்.

ஒரு நாள் மத்தியானம் காலிக் குடோனில் உட்கார்ந்திருந்தபோது காசிமாயன் மெதுவாகக் கேட்டான்.

“அண்ணே, மதினி நடிக்காத ஆளுன்னுதான சொன்னாக?”

“ஆமா.”

“கருத்துச் சொன்னவுக எல்லாரும் உள்ள போயிட்டாகண்ணே. வெளிய இப்ப யாரு இருக்கா?”

மார்கழி பாதி போயிருந்தது. கடைக்குச் சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கிவிட்டது, ஆள் வேண்டும் என்று அண்ணனின் அப்பா காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

வீடு வீடாகத் தேடக் கிளம்பினோம்.

கோயில் பூசாரி வந்தால் எழுந்திருக்காமல் பார்ப்பார் என்று நான் சொன்னேன். “அவரும் நடிச்சவர்தான். ஸ்டூல் சீன்ல தூரத்துல மணிச்சத்தம் கேக்குதுல்ல? அடிச்சது யாரு?” என்றான் காசிமாயன். ஒலிப்பதிவாளர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். பூசாரியை விட்டுவிட்டோம்.

தெற்குத்தெருவில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து வாரம்கூட ஆகவில்லை. தொட்டிலைச் சுற்றி நால்வரும் நின்றோம். அண்ணன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

“இவன் நடிச்சிருக்க வாய்ப்பே இல்லடா. படம் முடிஞ்ச பொறகுல பொறந்திருக்கான்” என்றார்.

மாயழகு தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தான். “அவுங்க அம்மா நெறமாசமாக் கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்தாகளேண்ணே. அப்ப இவன் எங்க இருந்தான்?”

“உள்ள இருந்தான்.”

“அப்ப நடிச்சவன்தான?”

பிள்ளையின் அம்மா எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. வெளியே வந்துவிட்டோம்.

சுற்றிச் சுற்றிக் கடைசியில் அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். மதினி ஆளுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தார்.

“கெடச்சாகளா?”

“இல்ல மதினி. அலசிப் பாத்துட்டோம், நடிக்காத ஆளே இந்த ஊர்ல இல்ல” என்றேன் நான்.

“வீட்டுக்கு வீடு பாத்துட்டோம் மதினி, ஒரு வீடு பாக்கியில்ல” என்றான் மாயழகு, செம்பை அவர் கையிலேயே கொடுத்துக்கொண்டே.

மதினி எங்களைக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டார். அவர் மட்டும்தான் எங்கள் படத்தைப் பற்றி ஒரு கருத்தும் சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ, யோசிக்கும்போது அவர் நினைவே எங்களுக்கு வரவில்லை.

மறுநாள் காலை பரமன் கடை வாசலில் போர் போடுகிற லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய மனிதர் டீ சொல்லிவிட்டு, “ஏனுங்க, இந்தப் பக்கம் தண்ணி எத்தன அடியிலீங்க வருது?” என்று விசாரித்தார். பேச்சிலேயே கொங்குநாட்டு ஆள் என்று தெரிந்தது. அண்ணன் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, நீங்க எங்க படத்துல நடிச்சிருக்கீகளா?”

அவர் பயந்துவிட்டார். “இல்லீங்களே. நான் திருச்செங்கோடுங்க. பேரு செங்கோடன். நான் எதுலயும் நடிக்கலீங்க” என்றார்.

“சத்தியமா?”

“எங்க குலதெய்வத்து மேல சத்தியமுங்க.”

டீயைக்கூடக் குடிக்கவிடாமல் குடோனுக்குக் கூட்டிப்போனோம். படத்தைப் போட்டோம். நாங்கள் வழக்கம் போலத் திரைக்கு முதுகைக் காட்டி அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். நான் கேமராவையும் அவர் முகத்துக்கு நேரே வைத்தேன். படம் அங்கேதான் ஓடுகிறது என்றால், எடுக்க வேண்டியதும் அங்கேதானே?

செங்கோடன் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலுக்கு எழுந்திருக்கவில்லை, சுவருக்கு எழுந்திருக்கவில்லை. விசில் ஊதியபோது நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

“ஏனுங்க, அந்தக் கெணத்துல தண்ணி இருக்குதுங்களா?”

“நெறைய இருக்குங்க. என் செருப்பு ரெண்டும் இன்னும் மெதக்குது” என்றான் காசிமாயன்.

“நானும் எத்தனையோ ஊர்ல போர் எறக்கிட்டனுங்க. பாதி எடத்துல வெறும் மண்ணுதானுங்க பொகையாட்டம் வரும். ஊட்டுக்காரங்க மொகத்தப் பாக்க முடியாதுங்க. இங்க ஒரு கெணத்தச் சுத்தி ஊரே நிக்குது பாருங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதார். அண்ணனும் அழுதார். எடுத்துக்கொண்டிருந்ததால் எனக்கு அழ வசதிப்படவில்லை.

செங்கோடன் லாரியேறிப் போனதும் மாயழகு எடிட்டிங்கில் உட்கார்ந்தான். அந்த அழுகிற முகத்தைப் படத்தின் கடைசியில் சேர்த்தான். இதுவரை நாங்கள் எடுத்ததிலேயே நல்ல காட்சி அதுதான். குதித்துக்கொண்டு மதினியிடம் ஓடினோம்.

“கெடச்சிட்டாரு சுகந்தி! கடைசி வரைக்கும் பாத்தாரு, அழுதாரு!” என்றார் அண்ணன்.

“யாரு? எங்க அவரு?”

“லாரியில போயிட்டாரு. ஆனா படத்துல இருக்காரு. கடைசி சீனே அவருதான்!”

மதினி பற்களுக்கு நடுவே இருந்த ஊசியை எடுத்தார். “படத்துல இருக்காரா? அப்ப அவரும் நடிச்சவருதான?”



“தூக்கிருவோம்ணே” என்றான் காசிமாயன்.

“தூக்கிட்டா அவரு பாத்ததுக்கு என்னடா சாட்சி?” என்றான் மாயழகு.

“அப்ப இருக்கட்டும்.”

“இருந்தா நடிச்சவருடா.”

தூக்கினால் அவர் பார்க்கவில்லை, வைத்தால் அவர் நடித்துவிட்டார். எந்தப் பக்கம் புரட்டினாலும் செங்கோடன் கைக்கு வரவில்லை. அண்ணன் என் கையிலிருந்த கேமராவை வாங்கினார். மூடியை எடுத்து மெதுவாகப் போட்டார். “பரண்ல ஏணியப் போடுங்கடா” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

மதினி கையிலிருந்த துணியைச் சுருட்டிக்கொண்டார். பிறகு எழுந்தார். “எங்க, போடுங்க பாப்போம். அந்த மனுசன் நடிச்சாரா பாத்தாரான்னு நானே பாத்துச் சொல்றேன்.”

குடோனில் மதினிக்கு ஒரு நாற்காலி போட்டோம். தைக்கிற துணியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். முதலில் ஹெம்மிங் போட்டுக்கொண்டே பார்த்தார். பரமன் ஸ்டூலோடு வந்தபோது ஊசி நின்றது. சீனிச்சாமி சுவர் கட்டும்போது சிரித்தார். தெருவே குடத்தோடு வந்தபோது, “அடியாத்தி, அது நான் தச்ச ஜாக்கெட்டு!” என்றார். விசில் ஊதிய பிறகும் எழவில்லை. செங்கோடனின் முகம் வந்தபோது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். படம் முடிந்தது.

“என்ன மதினி? நடிச்சாரா, பாத்தாரா?” என்றான் மாயழகு.

“அத விடுங்க. பொங்கல் வரைக்கும் உங்க அண்ணன் கடையில மாமாவுக்கு ஒத்தாசையா நிக்கட்டும். பொங்கல் கழிச்சு அடுத்த படத்த எடுங்க.”

“எப்படி? நடிக்காத ஆளு பாக்கணும்னு நீதான சொன்ன?” என்றார் அண்ணன்.

“பாத்தாச்சு. இப்பத்தான். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும்.”

நாங்கள் சுற்றுமுற்றும் பார்த்தோம். மாயழகு நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தான். காசிமாயன் ஓடிப்போய்த் தகரக் கதவைத் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

“யாரையும் காணமே மதினி, போயிட்டாகளா?” என்றான்.

மதினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தவமணி அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. “சுகந்தி, நீயா!” என்று கத்தியபடி அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

நான் அப்போது மதினிக்கு நேர் எதிரே, பரணுக்குப் போகாமல் தப்பித்த கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். படம் தொடங்கியதிலிருந்தே அங்கேதான் நின்றேன். மாஸ்டர் சொன்னதை நான் என்றைக்கும் மறந்ததில்லை.

“மதினி, அந்தச் சிரிப்ப மட்டும் இன்னொரு தடவ சிரிச்சிருங்க. இம்புட்டு நேரமும் மூடியக் கழட்டாமலே எடுத்திருக்கேன். செங்கோடன் ஐயாவுக்குப் பொறகு கடைசி சீனாச் சேத்துருவோம்” என்றேன்.